ஸோர்க்கி 4: ஷட்டர் துணியில் ஓட்டை, 1/1000-இல் பிரேமின் ஒரு ஓரம் இருட்டு

ரோல்_36:
ஸோர்க்கி 4 (பழைய சோவியத் பிலிம் கேமரா) பாடி. டெவலப் ஆகி வந்த ரோலில் இரண்டு கோளாறு. நெகட்டிவில் ஒரே இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், ஆனால் எல்லா பிரேமிலும் இல்லை. சிலவற்றில் அழுத்தமாக, சிலவற்றில் சுத்தமாக இல்லை. இன்னொன்று, 1/500 வரை ஒழுங்காக வரும் படம் 1/1000-இல் மட்டும் ஒரு ஓரம் இருண்டு போகிறது. ஓட்டையை நெயில் பாலிஷ் வைத்து அடைக்கலாமா? இருட்டு ஓரத்துக்கு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முறுக்கினால் போதுமா?

துணித்திரை:
இரண்டுக்கும் சம்பந்தமில்லை. புள்ளியை முதலில் பார்ப்போம். லென்ஸ் மூடி இல்லாமல் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருந்ததோ அந்த அளவுக்குப் புள்ளி அழுத்தமாக விழும். மூடியைத் திறந்ததும் எடுத்த பிரேம் தப்பித்துவிடும். எஸ்.எல்.ஆரில் இருப்பது போல நடுவில் கண்ணாடி இல்லாததால், வெயிலில் லென்ஸ் சூரியனைப் பார்த்து இருந்தாலே துணி பொசுங்கி ஓட்டை விழும்.

பின்மூடியையும் லென்ஸையும் கழற்றி, இருட்டறையில் லென்ஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஷட்டரை முறுக்கி வைத்து ஒரு தரம், கிளிக் செய்துவிட்டு ஒரு தரம். ஷட்டரில் இரண்டு துணித் திரை உண்டு: முறுக்கிய நிலையில் கேட்டை (பிலிமுக்கு முன்னுள்ள சட்டத்தை) மூடுவது முதல் திரை, அடித்த பிறகு மூடுவது இரண்டாம் திரை. எதில் ஓட்டை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் விறைத்துப்போய், ரோலரில் (திரை சுருளும் உருளையில்) சுற்றச் சுற்ற வெடித்து உதிரும். துணிக்கென்று விற்கும் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டை நுனி மெல்லிய பிரஷில் தொட்டு, ஓட்டையின் மேல் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு, உலர்ந்ததும் இன்னொன்று. திரை முழுக்கப் பூசினால் கனம் கூடி ரோலரின் சுற்றளவு மாறும், வேகமும் மாறும். பூசிய திரை ஒரு நாள் விரிந்தபடியே இருக்கட்டும். ஈரத்தோடு சுருண்டால் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும்.

கியர்_எண்ணெய்:
இருட்டு ஓரத்துக்கு வருகிறேன். இரண்டாம் திரை முதல் திரையை வழியிலேயே எட்டிப் பிடித்துவிடுகிறது. 1/1000-இல் இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவு ரொம்பக் குறுகல், அதனால் முதல் திரை கொஞ்சம் பிந்தினாலே ஓட்டம் முடியும் பக்கத்தில் பிளவு மூடிப்போகும். பிந்துவதற்குப் பெரும்பாலும் ரோலர் அச்சில் இறுகிப்போன பழைய எண்ணெய்தான் காரணம். அதைத் துடைக்காமல் ஸ்பிரிங்கை முறுக்குவது நோயை மூடி வைக்கிற வேலை.

பல்குத்தும் குச்சி நுனியில் லைட்டர் பெட்ரோல் தொட்டு ரோலர் அச்சு முனைகளில் மட்டும் வையுங்கள், ஷட்டரை இருபது முப்பது தரம் அடித்துவிட்டு மறுபடி வையுங்கள். மேல் முனைக்கு டாப் பிளேட்டைக் கழற்றியாக வேண்டும். ஊற்றிவிடாதீர்கள், துணியின் ரப்பரும் பசையும் கரையும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆவியானதும் ஊசி முனையில் வாட்ச் எண்ணெய், அவ்வளவே.

அப்புறமும் இருட்டு இருந்தால் மட்டும் டென்ஷன், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம். ரோலர் அச்சை ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டுதான் பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். விட்டால் ஸ்பிரிங் மொத்தமும் கழன்றுவிடும். முதல் திரைக்குக் கால் சுற்று, பிறகு சோதனை. கண்டபடி முறுக்கினால் திரையை இழுக்கும் பட்டி ஒட்டியிருக்கும் இடத்தில் துணி பிய்யும். இரண்டாம் திரையை முறுக்கினாலோ அது வேகமாகப் போய் மோதித் துள்ளும். ஓட்டம் முடியும் ஓரத்தில் வெளிச்சப் பட்டை விழும்.

சோதனைக்கு போனின் 240 பிரேம் ஸ்லோ மோஷன் மெதுவான வேகங்களுக்குத்தான் உதவும்: 1/30-இல் சுமார் 8 பிரேம், 1/60-இல் 4 வர வேண்டும். 1/1000 அதில் சிக்காது. கேட்டின் இரு ஓரத்திலும் போட்டோ டிரான்சிஸ்டர் (வெளிச்சத்தை உணரும் சில்லு) வைத்துக் கம்ப்யூட்டர் ஆடியோவில் பதிவு செய்தால், இரண்டு துடிப்பின் அகலமும் ஒன்றா என்று பார்த்துவிடலாம்.

பழைய_லென்ஸ்:
இதெல்லாம் துணி உயிரோடு இருந்தால்தான். பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தொட்டதும் மடிப்பு அப்படியே நின்றாலோ, ரப்பர் பொடியாக உதிர்ந்தாலோ பெயிண்ட் வீண், துணியை மாற்றுங்கள். பழைய திரையைப் பிரிக்கும் முன் எந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்தது, பட்டி எங்கே தொடங்கியது என்று படம் எடுத்து, பழைய திரையையே மாதிரியாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். கனமும் பழையதின் அளவே. ஒட்டுவதற்கு வளையும் கான்டாக்ட் பசை. சூப்பர் குளூ துணிக்குள் ஊறி விறைத்துவிடும். ஓரம் ரோலருக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் திரை கோணலாக ஓடும்.

ஸோர்க்கி 4-இல் முறுக்கிய பிறகுதான் வேக டயலைத் திருப்ப வேண்டும். சோதனையின்போது மறந்து முறுக்கும் முன்பே திருப்பினால் உள்ளே வேறு சேதம்.

ரோல்_36:
டார்ச் அடித்துப் பார்த்தேன். முறுக்கிய நிலையில் மட்டும்தான் இரண்டு வெளிச்சப் புள்ளி. குச்சியால் தொட்டால் துணி பழைய வடிவத்துக்கு வருகிறது.

துணித்திரை:
அப்படியென்றால் முதல் திரை, பெயிண்டே போதும். பூசும்வரை ஒரு படம் எடுத்த கையோடு முறுக்கி வைக்காதீர்கள். அடுத்ததை எடுக்கும் முன் முறுக்குங்கள், அதுவரை இரண்டாம் திரை பிலிமைக் காக்கும். 1/1000 இப்போதைக்கு வேண்டாம், 1/500-இல் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.