18,000 சம்பளத்துக்கு பி.எஃப். பிடிக்க வேண்டுமா? அவசரம்

பவர்டேபிள்_திருப்பூர்:
நண்பர்களே, புதிதாகச் சேர்ந்த கட்டிங் மாஸ்டருக்கு மாதம் 18,000 ரூபாய். 15,000க்கு மேல் வாங்குபவருக்கு பி.எஃப். தேவையில்லை என்கிறார் கணக்கு எழுதுபவர். கட்டியே ஆக வேண்டும் என்கிறார் மேனேஜர். நாளை மறுநாள் 15-ஆம் தேதி, சலான் போட வேண்டும். யார் சொல்வது சரி?

லேத்_பீளமேடு:
20 பேருக்குக் கீழே இருந்தால் பி.எஃப். பேச்சே கிடையாது. எங்கள் பட்டறையில் 12 பேர்தான், நாங்கள் கட்டுவதில்லை. உங்களிடம் எத்தனை பேர்?

நூல்கண்டு:
18,000 கையில் வருவதா, மொத்தமா? பேஸிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? அவருக்குப் பழைய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) உண்டா? எந்த மாதம் சேர்ந்தார்? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

பேரோல்_22வருடம்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர் பி.எஃப். திட்டத்தின் 2-ஆம் பத்தியையாவது ஒரு தடவை படித்திருக்க வேண்டும். 15,000 என்பது மொத்தச் சம்பளத்துக்கான வரம்பே இல்லை. பேஸிக், பஞ்சப்படி போன்றவை சேர்ந்த பி.எஃப். ஊதியத்துக்கான வரம்பு. 2014 செப்டம்பரிலிருந்து இதுதான், அதற்கு முன் 6,500. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் சலான் போட உட்காருகிறார்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பேஸிக் 11,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,000, வீட்டு வாடகைப் படி 3,000. இப்போது 17 பேர். 2019-ல் 23 பேர் இருந்தபோது பி.எஃப். கோடு (நிறுவனத்தின் பதிவு எண்) வாங்கினோம். ஸ்பெஷல் அலவன்ஸ் எல்லோருக்கும் உண்டு.

லேத்_பீளமேடு:
17 பேர்தானே? அப்புறம் என்ன! வெளியே வந்துவிடலாமே.

நூல்கண்டு:
முடியாதுங்க. ஒரு தடவை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், ஆள் குறைந்தாலும் உள்ளேதான் இருக்கும். காண்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களும், பீஸ் ரேட்டில் தைப்பவர்களும் எண்ணிக்கையில் சேருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டிங் மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வாடகைப் படியைச் சட்டமே விலக்கியிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் ஸ்பெஷல் அலவன்ஸை விலக்க முடியாது. 11,000ம் 4,000ம் சேர்ந்து 15,000. வரம்பைத் தாண்டவில்லை, அதனால் யு.ஏ.என். இல்லாதவராக இருந்தாலும் கட்டாயம். இதே ஊதியம் 16,000 என்றால்தான் அவர் முன்பே உறுப்பினரா என்ற கேள்வி வரும். முதல் முறையாகச் சேருபவர் என்றால் விலக்கு உண்டு. ஏற்கெனவே உறுப்பினர், கணக்கை முழுதாக எடுத்து மூடவில்லை என்றால் 15,000 வரைக்குமாவது கட்ட வேண்டும்.

அவர் பங்கு 1,800. உங்கள் பங்கும் 1,800, அதில் 1,250 பென்ஷனுக்கு, 550 பி.எஃப். கணக்குக்கு. காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் தலா அரை சதவீதம் தனி. புதிதாகச் சேருபவர் பி.எஃப். விவரம் எழுதித் தரும் ஃபார்ம் 11 வாங்கிவிட்டீர்களா?

லேத்_பீளமேடு:
அந்த 4,000ஐ வேறு பெயரில் போட்டுவிட்டால் 11,000க்குக் கட்டினால் போதும். எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பேரோல்_22வருடம்:
செய்து மாட்டியவர்களும் நிறையப் பேர். 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பெயர் மாற்றும் வழியை அடைத்துவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். தெரியாத விஷயத்தில் யோசனை சொல்லாதீர்கள்.

லேத்_பீளமேடு:
தொழிலாளியே பிடிக்க வேண்டாம் என்கிறார் சார். வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் என்று கையில் வரும் காசுதான் அவருக்குப் பெரிது. அதையும் பாருங்கள்.

செக்கிங்_சுமதி:
என் அண்ணன் அப்படித்தான் சொன்னார். சாயப்பட்டறை முதலாளியும் சரி என்று விட்டுவிட்டார். வேலையில் இருக்கும்போதே அண்ணன் இறந்துவிட்டார். பி.எஃப். இருந்திருந்தால் அண்ணிக்கு மாதாமாதம் பென்ஷன் வந்திருக்கும், காப்பீடும் கிடைத்திருக்கும். அந்தக் காப்பீட்டில் 7 லட்சம் வரை தருகிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணி இன்றைக்கும் ஓவர்லாக் தைக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. கேட்டால், பேசிய சம்பளத்திலேயே அதுவும் அடக்கம் என்பார்கள்.

பேரோல்_22வருடம்:
அம்மா சொல்வது சரி. முதலாளி பங்கைச் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. அப்படி ஒப்பந்தம் போட்டு எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது.

லேத்_பீளமேடு:
வருத்தமாக இருக்கிறது அக்கா. இந்தக் காப்பீடு பற்றி எனக்குத் தெரியாது.

பவர்டேபிள்_திருப்பூர்:
அவருக்கு யு.ஏ.என். இருக்கிறதாம். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன மாதச் சம்பளத்தில் 1,800 பிடித்து வைத்திருக்கிறோம். முதல் இரண்டு மாதம் பிடிக்கவில்லை. அந்த 3,600ஐ அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

நூல்கண்டு:
கூடாது. அந்தந்த மாதத்துப் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். விட்டுப்போனால் அது முதலாளியின் பொறுப்பு. எழுத்துப் பிழை போன்ற தவறு என்றால் பி.எஃப். ஆய்வாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு பிடிக்க வழி உண்டு, நீங்களாகப் பிடிக்க முடியாது. ஆகவே இரண்டு மாதத்துக்கும் இரு பங்கும் சேர்த்து 7,200 உங்கள் கையிலிருந்து போகும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு மாதம் 1 சதவீத அபராதமும் தனி. பிடித்து வைத்த 1,800ஐ மட்டும் 15-ஆம் தேதி தாண்ட விடாதீர்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்:
கட்டிவிட்டோம். பழைய இரண்டு மாதமும் சேர்த்து. எல்லோருக்கும் நன்றி.

நூல்கண்டு:
நல்லது. பழைய யு.ஏ.என்.னிலேயே சேர்த்தீர்களா, புதிதாக ஒன்று எடுத்துவிட்டீர்களா? புதிது என்றால் உடனே சொல்லுங்கள்.