நம்ம மெஸ் அய்யா: உங்களையும் உப்பு பார்க்கச் சொன்னாரா?

விடுதி அறை 14

மெஸ் அய்யா போய்விட்டார் என்று நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தகவல் வந்தது. தூக்கமே இல்லை. எந்த மெஸ் என்று காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேர்ப்பலகை இல்லாத, திண்ணைக்குக் கீழே செருப்பு குவிந்து கிடக்கும் அதே மெஸ்தான்.

2009. அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முதல் வருஷம். வீட்டிலிருந்து பணம் வருவது நின்றிருந்தது. சாப்பாடு மட்டும் வாங்குவேன், கறி வேண்டாம் என்பேன். ஒருநாள் ரசத்துக்குப் பிசைந்துகொண்டிருந்தபோது அய்யா சின்னக் கிண்ணமும் கரண்டியுமாக வந்து நின்றார். இலை ஓரத்தில் சுக்கா விழுந்தது. "அப்பு, உப்பு பாரு. நீ சொன்னாத்தான் பந்திக்கு விடணும்."

பார்த்துச் சொன்னேன். மறுநாளும் வந்தார். நாலு மாசம் இப்படியே. பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு துண்டையும் நிதானமாக மென்று பதில் சொல்வேன்.

உப்பு பார்க்க ஒரு துண்டு போதும். அவர் வைத்தது ஐந்தாறு துண்டு. அது எனக்கு உறைத்தது வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து, வேறொரு ஊர் ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது. கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லணும் என்று பத்து வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். சொல்லவே இல்லை.

பழைய சிக்ரி

தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் அது சுக்கா இல்லை, உப்புக்கறி. வெங்காயம், பூண்டு, வரமிளகாயோடு வதக்குவது. மசாலா தூக்கலாக இருக்காது.

இன்னொன்று. உப்பு பார்க்கச் சொன்னதைத் தர்மமாக மட்டும் நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்துபோய் வந்த ஒரு வருஷம், அய்யா கவிச்சியை அடியோடு விட்டுவிட்டார். கறி மெஸ் நடத்தியவர், தன் அடுப்பில் வெந்த கறியை முப்பது வருஷம் வாயில் வைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஒரு நாக்கு தேவைப்பட்டது. அவரைத் தொழில் தெரிந்த மனிதராகவும் நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் பார்த்தது ஒன்று. சனிக்கிழமை கவுனி அரிசி இனிப்பு செய்வார். ஒருநாள் அடிப்பிடித்துவிட்டது. லேசான வாடைதான், எங்களுக்குத் தெரியவே இல்லை. அண்டாவோடு கொல்லைக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இலையாக வந்து, "இன்னைக்குக் கவுனி இல்ல, மன்னிச்சுக்கங்க" என்றார். எழுபது வயசுக்காரர், இருபது வயசுப் பிள்ளைகளிடம்.

பள்ளத்தூர் மருமகள்

ஒரே ஒரு தடவைதான் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். கல்பாசி வாசம் ரெண்டு நாள் கையில் இருந்தது. எப்படி என்று கேட்டேன். "கடைசியாப் போடும்மா" என்றார், அவ்வளவுதான்.

அதை இப்போது நிறையப் பேர் தப்பாகச் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். மல்லி, மிளகு, சோம்பு, சீரகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். மல்லி சிவக்கிற நேரத்தில் சீரகம் கருகிவிடும். தனித்தனியாக, சின்னத் தீயில். கல்பாசியை அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே புரட்டி எடுத்தால் போதும், கூடினால் கசக்கும். மராட்டி மொக்கு ஒரு கிலோ கறிக்கு ரெண்டு, அதற்கு மேல் வேண்டாம். சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் போட்டால் ருசி மாறிவிடும். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்கட்டும். மிக்ஸியில் அரைத்தால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், சூடேறினால் வாசம் போய்விடும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் நெருப்பாகக் காரம் என்று வெளியூரில் ஆக்கிவைத்திருக்கிறார்கள். நம்ம வீடுகளில் அப்படிக் காரம் போட்டு யார் சமைத்தார்கள்? அய்யாவின் குழம்பைச் சாப்பிட்டுக் கண் கலங்கியவர் யாரும் இல்லை.

கல்லுக்கட்டி வடக்கு

மசாலாப் பேச்சு வேறொரு நாளைக்கு இருக்கட்டும் அக்கா.

எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அம்மா சாப்பாட்டையே வெறுத்துவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். அய்யாவிடம் சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. தனிச் சட்டியில் உப்பில்லாமல் ஒரு குழம்பு, ஒரு பொரியல், மூணு வாரம். புளியும் மிளகும் பூண்டும் வைத்து எப்படியோ ஒரு ருசியைக் கொண்டுவந்திருந்தார்.

ஒருநாள் அவரே தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்தார். அம்மா முதல் வாய் வைத்ததும் குனிந்து, "ஆத்தா, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் சிரித்தது. ரெண்டு மாசமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. புரையேறிவிட்டது, அவர்தான் தலையில் தட்டித் தண்ணி கொடுத்தார்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்க" என்று சொல்லிவிட்டார்.

தேவகோட்டை பஸ்

பழைய சிக்ரி சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. 2013இல் என்னையும் உப்பு பார்க்கச் சொன்னார். "கொஞ்சம் கம்மி அய்யா" என்றேன். கிண்ணத்தோடு உள்ளே போனார், உப்பு போட்டுக் கிளறிக்கொண்டு வந்தார், இன்னொரு கரண்டி வைத்து "இப்பப் பாரு" என்றார். சும்மா கொடுக்க நினைப்பவர் எதற்கு அடுப்படிக்கும் பந்திக்கும் நடக்கணும்?

பழைய சிக்ரி

அதைத்தான் நானும் சொன்னேன். ஆனாலும் ஒன்று. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் எங்கள் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953இல் திறந்தது. அதை ஊரே பேசும், பேசவும் வேண்டும். கரண்டிக் கணக்கில் கொடுத்தவரைப் பற்றி நாம்தான் எழுதணும். எழுதுங்கள்.

விடுதி அறை 14

அப்படியானால் நான் மட்டும் இல்லையா? பதினாறு வருஷமாக நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படி

எனக்கு நீளமாக எழுத வராது. 19 வருஷம் அங்கே கறி அடுப்பில் நின்றவன்.

கறியை இறக்கும் முன்னால் உப்பு பார்ப்பது நான்தான். பார்க்காமல் ஒரு சட்டிகூட வெளியே போனது கிடையாது. அய்யா கவிச்சி சாப்பிட மாட்டார், அது நிஜம். அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்.

பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு எவர்சில்வர் கிண்ணம். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடிப் பையன் ரசத்துக்குப் போயிட்டான், எடுத்து வை" என்பார். ஒரு சமயம் ஏழு பிள்ளைகள்வரை இருந்தார்கள். வேறு வேறு பந்தியில் உட்கார வைப்போம், ஒருத்தனுக்கு நடப்பது இன்னொருத்தன் கண்ணில் படக்கூடாது.

பிள்ளை கம்மி என்று சொன்னால் கிண்ணம் உள்ளே வரும். உப்பு சரியாகத்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு கல் போடச் சொல்வார். "அவன் சொன்னது பொய்யாகக் கூடாதுடா" என்பார். கிளறி, மேலே இன்னும் நாலு துண்டு வைத்துக் கொடுப்பேன்.

கிண்ணம் அடுப்படி மாடத்தில்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் புளி போட்டு விளக்கி வைத்தேன்.