'டெய்சி செயின்' வயரிங்: தொடரா, மாலையா, தோரணமா?

வணக்கம்.
வெளிப்புற 12 வோல்ற் விளக்குகளுக்கான கைந்நூல் வரைவில், 'டெய்சி செயின்' என்பதற்குத் 'தொடர் இணைப்பு' என்று வந்திருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். எங்கள் பாடநூல்களில் 'தொடர்' என்றால் ஒரே மின்னோட்டம் எல்லாக் குமிழுக்குள்ளாலும் போவது. டெய்சி செயினில் வயர்தான் விளக்கு விளக்காகப் போகிறது, சுற்று சமாந்தரம், அதாவது ஒவ்வொரு விளக்கும் 12 வோல்ற்றை நேரே பெறும். சொல்லை நம்பிப் பூட்டுகிறவர் முதல் விளக்கின் கறுப்பு வயரை அடுத்ததின் சிவப்பு வயரோடு முறுக்குவார். ஒரேமாதிரியான 4 விளக்கென்றால் ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ற் அளவுதான் மிஞ்சும், எல்.ஈ.டி பெரும்பாலும் எரியாது. 'மாலைத் தொடுப்பு' எனலாமா?
(கல்லடி)

ஐயா,
மாலை வேண்டாம். நூல் பூவைத் துளைத்துக்கொண்டு போகிறதே, அதுதான் தொடர்ச்சுற்று. குருத்தோலைத் தோரணத்தைப் பாருங்கள்: கயிறு நேரே ஓடும், ஓலைகள் தனித்தனியே தொங்கும், ஒன்று விழுந்தால் மற்றது அசையாது. இங்கும் சிவப்பும் கறுப்பும் நேரே ஓட, ஒவ்வொரு விளக்கும் சிவப்பில் சிவப்பையும் கறுப்பில் கறுப்பையும் பிடித்துக்கொள்கிறது. 'தோரணத் தொடுப்பு' என்பதே என் தெரிவு.

கணக்கும் அதே பக்கத்தில் வரட்டும். தோரணத்தின் குறையே, வயரின் தடையால் வோல்ற் குறைந்து கடைசி விளக்கு மங்குவதுதான். 5 வாற் விளக்கு 8, சம இடைவெளியில் 30 மீற்றர்: மொத்தம் 40 வாற், 3.3 அம்பியர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்குப் போகவரச் சேர்த்து மீற்றருக்கு 0.024 ஓம் தடை. கடைசி விளக்கில் ஏறத்தாழ 1.4 வோல்ற் குறையும், 2.5 வயரில் 0.8. மின்வழங்கியை வரிசையின் நடுவே வைத்தால் 1.5 வயரிலேயே 0.4க்குள் அடங்கும். ஆனால் வழங்கியை முனையில் வைத்துக்கொண்டு அதே வயரை நடுவரை இழுத்தால், அந்த 15 மீற்றரே 1.2 வோல்ற்றைத் தின்றுவிடும். விளக்குகள் சமமாக எரியும், ஆனால் பிரகாசம் அதிகரிக்காது. இதைத் தவறாமல் எழுதுங்கள், பலர் சறுக்குவது இங்கேதான்.
(அக்கரைப்பற்று)

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்னதே சரி, தோரணம் பொருந்துகிறது. அப்படியானால் வயரும் வயரும் சேரும் இடத்தைத் 'தொடுப்பு' என்னாமல் 'மூட்டு' என்றே வைப்போம். இரண்டும் கலந்தால் வாசகர் குழம்புவார்.

மூட்டைப் பற்றி ஒன்று. வெறும் ரேப் சுற்றிய மூட்டு எங்கள் கடற்கரையில் ஒரு மாரியைத் தாண்டாது. உப்பு நீர் இழைகளுக்கிடையே ஊர்ந்து ரேப்புக்கு உள்ளே ஏறும், செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும், தடை கூடும், விளக்கு சிமிட்டும். ஈயம் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மாட்டிச் சூடாக்கி, இரு முனையிலும் பசை பிதுங்குகிறதா என்று பாருங்கள். பிதுங்காவிட்டால் அடைபடவில்லை. 40 வாற்றுக்கு 60 வாற் வழங்கி போதும்; அதன் வெளியீட்டில் 5 அம்பியர் உருகி வேண்டும்.

கைந்நூலில் சொல் விளக்கம் இப்படி இருக்கட்டும்:
தோரணத் தொடுப்பு: ஓடும் இரு வயர்களில் விளக்குகளை வழிநெடுகச் சமாந்தரமாகப் பூட்டும் முறை. தொடர்ச்சுற்று அன்று.
(வாழைச்சேனை)