சிவப்புத் தலையர் கதையைப் புதுச்சேரிக்குக் கொண்டுவருவது: பின்னணிக் குரல், துப்பு, சுரங்கம்

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் குழு. ஷெர்லாக் ஹோம்ஸின் ‘ரெட் ஹெட்டட் லீக்’ கதையை 1950 வாக்கில் பிரெஞ்சுப் புதுச்சேரியில் நடப்பதாக வைத்து, 40 நிமிட எபிசோடாக எடுக்கத் திட்டம். சிவப்பு முடிக்கு நம்மூரில் என்ன மாற்று? கதையைச் சொல்லும் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் குரலைப் பின்னணியில் ஓட்டலாமா? முழங்கால் துப்பை எவ்வளவு நேரம் காட்டுவது? யாரிடமாவது உரிமை வாங்கணுமா? (கதை படிக்காதவர்கள் இதோடு திரும்பிவிடவும். படித்து மறந்தவர்களுக்கு: சிவப்பு முடிக்கார அடகுக்கடைக்காரரை ஒரு போலிச் சங்கம் எழுத்து வேலை கொடுத்துத் தினமும் வெளியே இழுக்கும். அந்நேரம் அவர் கடை வேலையாள் கீழறையிலிருந்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டுவான். அவன் முழங்கால் அழுக்குதான் ஹோம்ஸுக்குத் துப்பு.)

முத்தியால்பேட்டை:
ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் காலமானது 1930. இங்கே எழுத்தாளர் மறைவுக்குப் பின் 60 வருஷம்தான் உரிமை, அதனால் கவலை இல்லை. அகதா கிறிஸ்டி 1976, எனவே அவருடைய துப்பறிபவர் பொய்ரோ பக்கம் 2036 முடியும்வரை போகாதீர்கள். நம்ம எழுத்தாளர் தேவன் 1957. அவருடைய துப்பறியும் சாம்பு 2018லிருந்தே எல்லோருக்கும் பொது, அதை ஏன் யாரும் தொடவில்லை என்பது தனிக் கேள்வி.

ஆனால் மூலக்கதைதான் பொது, டிவிக்காரர்கள் ஒட்டியது பொது இல்லை. ஜெரமி பிரெட் நடித்த கிரானடா தொடரில் (1984–94) இந்தத் திருட்டுக்குப் பின்னால் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி இருப்பார். கதையில் அவர் வாசனையே கிடையாது. அடுத்த எபிசோடுக்கு ஏணி போடச் சேர்த்தது. அதை நீங்கள் பயன்படுத்திவிடாதீர்கள்.

சிவப்பு முடிக்குப் பூனைக்கண் வையுங்கள். ‘பூனைக்கண்காரர் சங்கம்’ என்று சொன்னாலே சிரிப்பும் வரும், சந்தேகமும் வரும். லென்ஸ் வேண்டாம், கடற்கரைக் காற்றில் மணல் பட்டால் ஷூட்டிங் நின்றுவிடும். இயல்பாகவே வெளிர்கண் உள்ளவரைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ உட்கார வையுங்கள். உச்சி வெயிலில் புருவ நிழல் விழுந்தால் எந்தக் கண்ணும் கறுப்புத்தான். மூலத்தில் அடகுக்கடைக்காரர் பத்து மணி முதல் இரண்டு வரை என்சைக்ளோபீடியாவைப் பார்த்து எழுதுவார். நீங்கள் 1855ல் புதுச்சேரியில் அச்சான தமிழ்–பிரெஞ்சு அகராதியைக் கொடுங்கள். எட்டு வாரமும் ‘அ’ வரிசை தாண்டக் கூடாது.

கன்னியக்கோயில்:
வங்கித் தங்கம் மூலத்திலேயே பிரெஞ்சு நெப்போலியன் காசு, முப்பதாயிரம். ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. பொருந்தாதது சுரங்கம். கடலோரம் மணல் பூமி. முட்டுக் கொடுக்காமல் நிற்காது, தண்ணீரும் ஊறும். லோக்கல் ஆள் பார்த்தால் முதல் சிரிப்பு அங்கேதான். அடகுக்கடைக்கும் வங்கிக்கும் பொதுச் சுவர் வைத்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்தை உளியால் சுரண்டி, செங்கல்லை ஒவ்வொன்றாக உருவலாம்.

பீச் ரோட்டில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி கிடையாது. விடிந்தபின் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் உங்களுக்கு, அதற்கும் அனுமதி வேண்டும். புதுச்சேரி போலீஸின் சிவப்புக் கெப்பி தொப்பி ஒன்று ஃபிரேமில் இருந்தால் காலம் சொல்ல வேறு செலவே வேண்டாம்.

ரீல்பெட்டி:
குரல்: தொடக்கத்தில் ஒன்று, எட்டு வாரத்தைத் தாண்ட ஒன்று. போதும். துப்பறிபவர் மனதில் இருப்பதைக் குரல் சொல்லிவிட்டால் அப்புறம் பார்ப்பவருக்கு என்ன வேலை? டேவிட் சூஷே நடித்த பொய்ரோ தொடரில், நண்பர் ஹேஸ்டிங்ஸ் மூலத்தில் இல்லாத கதைகளிலும் அவரைக் கொண்டுவந்தது பொய்ரோவுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதால்தான்.

முழங்கால்: குளோசப் வெட்டினால் கதை அங்கேயே முடிந்தது. வேலையாள் கீழறைப் படியேறி வரும்போது கேமராவை இடுப்பு உயரத்தில் வையுங்கள், முழங்கால் தானாக உள்ளே வரும். இரண்டு நொடி. அதே இரண்டு நொடியில் அவன் ஒரு வசனம் பேசட்டும், எல்லோர் கண்ணும் வாய்க்குப் போய்விடும். கடைசியில் விளக்கும்போது அதே டேக்கைத்தான் காட்ட வேண்டும், புதிதாக எடுத்ததைச் செருகினால் மோசடி. 4கே-யில் எடுத்து எச்டி-யில் வெளியிட்டால், தரம் குறையாமல் இரு மடங்கு நெருக்கிக் காட்டலாம்.

கெடிலக்கரை:
வேலையாளுக்கு வெள்ளை வேட்டி என்று முடிவு செய்திருந்தோமே. சுவர் என்றால் சுண்ணாம்புத் தூள் எப்படித் தெரியும்?

ரீல்பெட்டி:
தெரியாது. செங்கல் பொடிதான் தெரியும். லேசாக ஈரம் வைத்து முழங்கால் படும் இடத்தில் மட்டும் தேய்த்து, காய்ந்ததும் உதறுங்கள். உதறாமல் விட்டால் கேமராவில் ரத்தக்கறை மாதிரி இருக்கும், பார்ப்பவர் கொலையைத் தேட ஆரம்பித்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்ட வைக்காதீர்கள், துப்பு மறைந்துவிடும். அதே நனைத்த பொடியில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், மறுநாள் ஷூட்டில் நிறம் மாறாமல் இருக்க உதவும்.