டேப்போடு தனி ஆளாக வாசிப்பவர்களுக்கு: சுருதி, தாமதம், பழைய ரீல்

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘வெர்மான்ட் கவுண்டர்பாயிண்ட்’ (1982) படைப்பில் மேடையில் நிற்பது ஒரே ஃப்ளூட் கலைஞர். காதில் விழுவது 11 பகுதிகள். மூன்று ஆல்டோ ஃப்ளூட் (தாழ்ந்த ஒலி), மூன்று ஃப்ளூட், மூன்று பிக்கலோ (சிறிய, உச்ச ஒலிக் குழல்), ஒரு தனிப் பகுதி, ஆக 10 பகுதிகள் முன்பே டேப்பில் பதிவாகியிருக்க வேண்டும். பலர் இவற்றைத் தாங்களே வாசித்துப் பதிவு செய்துகொள்கிறார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். வாசிக்க வாசிக்கக் குழல் சூடேறிச் சுருதி உயரும். காலையில் 440 ஹெர்ட்ஸில் ஒரு பகுதி, மதியம் 442-இல் இன்னொன்று என்று பதிவானால், அந்த ‘ஏ’ சுரத்தில் நொடிக்கு 2 விம்மல் (ஒலி ஏறி இறங்கும் அதிர்வு) கேட்கும். அதே பிசகு இரண்டு ஸ்தாயி மேலே, பிக்கலோவில், நொடிக்கு 8 விம்மலாகிவிடும், காது கூசும். ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு பதிவுக்கும், முன்பு சுருதியைச் சரிபாருங்கள், முந்தைய டேக்கோடு ஒப்பிட வேண்டாம், ட்யூனர் கருவியோடு மட்டும். தாளம் காட்டும் கிளிக் ஒலி ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குள் கசியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பகுதிகளிலும் அது ஒரே இடத்தில் விழுவதால், கலவையில் மேலே வந்துவிடும்.

கச்சேரியில் ஆல்டோ, ஃப்ளூட், பிக்கலோ என்று மாறி மாறி எடுக்கும்போது, ஓரமாக வைத்த கருவி ஆறிப்போயிருக்கும். எடுத்தவுடன் சுருதி இறங்கி நிற்கும். ஓய்வு கிடைக்கும் சில நொடிகளில் சத்தம் வராமல் உள்ளே வெதுவெதுப்பாக ஊதிவிட்டு வாசியுங்கள்.

*

மேலே சொன்னதோடு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 29 மில்லிநொடி. விரைவான பதினாறாம் சுரங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். வாசிப்பவருக்குத் தனி மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். நேரடிக் குழலையும் மைக் வழியாக, டேப் வரும் அதே ஸ்பீக்கரில் விடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

*

பியானோவுக்கு இது வேறு கணக்கு, ஏனென்றால் நடுவில் சுருதியைத் திருத்த வழியே இல்லை. இசையமைப்பாளர் மாரியோ டேவிடோவ்ஸ்கி பியானோவுக்கும் டேப்புக்கும் எழுதிய ‘சிங்க்ரோனிசம்ஸ் 6’ (1970, அடுத்த ஆண்டு புலிட்சர் இசைப் பரிசு பெற்றது) ஒற்றை ‘ஜி’ சுரத்தில் தொடங்குகிறது. பியானோவில் தட்டிய சுரம் தேய்ந்துதான் போகும். இங்கே டேப் அதைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்குகிறது; பியானோவே பெருகுவது போலக் காதுக்குத் தோன்றும். எத்தனை முறை கேட்டாலும் சிலிர்க்கவைக்கும் இடம் அது! டேப் நுழைவது தனியாகக் கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு. ஒத்திகையில் முதல் அரைமணி நேரத்தை இந்த ஒரு சுரத்தின் ஒலி அளவுக்கே கொடுக்கலாம், அதுவும் அரங்கின் நடு வரிசையில் ஒருவரை உட்காரவைத்து.

டேப் 440-இல் இருந்து, அரங்கத்துப் பியானோ 442-இல் நின்றால் வித்தியாசம் சுமார் 8 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி இறக்குங்கள். முடியாதபோது டேப்பின் வேகத்தை 0.45% கூட்டலாம், 7 நிமிடத்தில் கிட்டத்தட்ட 2 நொடி குறையும், அதற்கேற்ப மறுபடி ஒத்திகை தேவைப்படும்.

இத்தாலிய இசையமைப்பாளர் லூய்ஜி நோனோவின் ‘சோஃபெர்ட்டே ஓண்டே செரேனே’ (1976) டேப்பில் இருப்பது பியானோ கலைஞர் மௌரிட்சியோ பொல்லினியின் வாசிப்பு. அதை மேலே தொங்கும் ஸ்பீக்கரில் விட்டால் கூரையில் இன்னொரு பியானோ முளைத்துவிடும். ஸ்பீக்கரைத் தாழ்வாக, பியானோவை ஒட்டி வையுங்கள்.

*

அசல் ரீலே கைக்கு வந்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். 1970, 80-களின் பாலியஸ்டர் டேப் சிலவற்றில் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கிரீச்சிட்டுக்கொண்டே, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு மண்டி படியும். அப்படியானால் உடனே நிறுத்துங்கள். இன்குபேட்டரில் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். சமையலறை ஓவன் ஆகாது, வெப்பம் ஒரே சீராக நிற்காது. அதற்கும் முன்னால், ரீலின் பக்கவாட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அது பாலியஸ்டர் அல்ல, பழைய அசிடேட் டேப். அதைச் சூடாக்கவே கூடாது.