நட்சத்திர அட்டை பரிசேயத்தனமா? ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடையே ஒரு விவாதம்

பழையவகுப்பு:
‘எஸ்றாவின்மேடை’ என்ற பெயரில் எழுதுபவர் சென்ற வாரம் வெளியிட்ட நீண்ட பதிவில் ஒரு வாக்கியம் என்னைப் பொறுமையிழக்கச் செய்துவிட்டது. “வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, வருகைக்கும் மனப்பாட வசனத்துக்கும் நட்சத்திரம் ஒட்டுகிற ஆசிரியர், தம்மை அறியாமலே சின்னப் பரிசேயர்களை உருவாக்குகிறார்” என்று எழுதியிருக்கிறார். தங்கள் பக்தியைப் பிறர் காணும்படி காட்டிப் பெருமைகொண்டவர்கள் என்று இயேசு கடிந்துகொண்ட பரிசேயர்களோடு நம் பிள்ளைகளை ஒப்பிடுகிறார். பதிவில் வேறு என்னென்னவோ இருக்கலாம். எனக்கு இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் வேண்டும். நான் நட்சத்திரம் ஒட்டுகிறவள். எனக்கு முன்பு அந்த வகுப்பை நடத்தியவர்களும் ஒட்டினார்கள். அந்த அட்டையில் பெயர் இருந்த பிள்ளைகள் இன்று பாடகர் குழுவிலும் சபை மூப்பர்களிடையேயும் இருக்கிறார்கள். ஊழியத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்களெல்லாம் பரிசேயர்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

எஸ்றாவின்மேடை:
அம்மா, நான் எந்தப் பிள்ளையையும் பரிசேயன் என்று சொல்லவில்லை. அட்டை எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதைத்தான் சொன்னேன். சீஷர்கள் தங்களில் எவன் பெரியவன் என்று வழியிலே தர்க்கம் பண்ணியபோது, இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோம். நாமோ அதே பிள்ளைகளின் கண்ணெதிரே எவன் பெரியவன் என்ற பட்டியலை மாட்டி, வாரந்தோறும் அதைப் புதுப்பிக்கிறோம். அட்டையில் முதல் மூன்று இடங்களில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் போதகரின் பிள்ளை, ஆசிரியரின் பிள்ளை, இரவில் வீட்டில் அமர்ந்து வசனம் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் இருக்கிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டிய பெற்றோரின் பிள்ளைக்கு அங்கே வெற்றுக் கட்டங்கள்தான் கிடைக்கும். தாயும் தந்தையும் பிரிந்து வாழ்வதால் ஒருவாரம் விட்டு ஒருவாரம் மட்டுமே நம் சபைக்கு வரமுடிகிற பிள்ளைக்கும் அதே கதிதான். அந்த வெற்றுக் கட்டங்களுக்கு அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

பழையவகுப்பு:
கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை. வெற்றுக் கட்டத்தைப் பார்த்து மனம் வருந்துகிற பிள்ளையை அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ள எனக்குத் தெரியும். அதை நீங்கள் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. வேதவசனத்தை ஆயுதமாக எடுத்திருக்கிறீர்கள், ஆகையால் நானும் எடுக்கிறேன். பந்தயச் சாலையில் ஓடுகிற எல்லாரும் ஓடினாலும் ஒருவனே பந்தயத்தைப் பெறுவான் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், “நீங்கள் பெற்றுக்கொள்ளத்தக்கதாக ஓடுங்கள்” என்றும் எழுதினாரே, அவரும் சின்னப் பரிசேயர்களை உருவாக்கினாரா?

சிறுவர்பிரிவு:
இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இடையில் புகுகிறேன். நட்சத்திரத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று எங்கள் வகுப்பில் இருக்கிறது. நான் கேள்வியை முடிப்பதற்குள் ஒரே பிள்ளை பதிலைச் சொல்லிவிடுகிறான். மற்றவர்கள், எந்தக் கேள்வியானாலும் “இயேசு” என்று சொன்னால் ஆசிரியர் திருப்தியடைந்துவிடுவார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே எழுதினார். மூன்று விநாடி மௌனம் சிறிய காரியமாகத் தோன்றும். வகுப்பின் முன்னால் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். இதைப் பற்றிப் பேசலாமே?

பழையவகுப்பு:
பேசலாம், நட்சத்திரத்தைப் பற்றிய பதில் வந்த பிறகு. முந்திக்கொண்டு பதில் சொல்லும் அந்தப் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சிறியவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள், அடங்கிவிடுவான். இதற்கு ஆய்வாளர் தேவையில்லை.

எஸ்றாவின்மேடை:
ஆய்வு தேவையில்லை என்று நீங்கள் சொல்வதால்தான் நான் ஆய்வையே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் எவரும் வற்புறுத்தாத நேரத்தில் பேனாக்களை மேசைமேல் வைத்துப் பார்த்தபோது, பரிசு வாக்களிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். தாமாக விரும்பிச் செய்துவந்ததை, பரிசுக்காகச் செய்கிற வேலையாக அவர்கள் மனம் மாற்றிக்கொண்டது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். வண்ணப் பேனாவுக்குப் பதிலாக வேதத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது.

பழையவகுப்பு:
ஆய்வைப் பாதி சொல்லி மீதியை விழுங்கிவிட்டீர்கள். அதே சோதனையில், முன்கூட்டிச் சொல்லாமல் எதிர்பாராத நேரத்தில் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை? மேலும், அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே வரைய விரும்பியவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் வசனம் படிக்க ஏற்கெனவே துடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? தூக்கம் கலையாத முகத்தோடு வருகிறவர்களை முதல் வசனம்வரை கொண்டுபோக அந்த நட்சத்திரம் உதவுகிறது. முதல் வசனத்தைச் சொல்லி முடித்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

மணியோசை:
வரலாறு தெரியாமல் இருவரும் வாதாடுகிறீர்கள். ஞாயிறு பள்ளி இயக்கத்தைப் பரவச் செய்த ராபர்ட் ரெய்க்ஸ், 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பள்ளி தொடங்கியபோதே, நன்றாக நடந்துகொண்ட பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார். வெறுங்காலோடு வந்தவர்களுக்குக் காலணியும் கொடுத்தார். வாரத்தின் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க எழுந்த இயக்கம் அது. பரிசு என்பது அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது.

எஸ்றாவின்மேடை:
ரெய்க்ஸுக்கு முன்பே, 1769இல், ஹை விக்கம் என்ற ஊரில் ஹானா பால் என்ற பெண்மணி ஞாயிறு பள்ளி நடத்தினார். செய்தித்தாள் உரிமையாளராக இருந்ததால் ரெய்க்ஸின் பெயர் நிலைத்தது, அவ்வளவே. அதிருக்கட்டும், வெறுங்காலோடு வந்த பிள்ளைக்குக் காலணி கொடுப்பதும், எல்லாருடைய பெயரையும் எழுதிச் சுவரில் வரிசைப்படுத்துவதும் ஒன்றா? முன்னது தேவையைப் பார்த்தது, பின்னது தரத்தைப் பார்க்கிறது.

மணியோசை:
பரவச் செய்தவர் என்றுதான் எழுதினேன். முதலில் தொடங்கியவர் என்று எழுதவில்லை. எழுதாத ஒன்றுக்கு மறுப்பு எழுதுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பாடத்திட்ட விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

எஸ்றாவின்மேடை:
அந்த விவாதத்தில் என் கேள்விக்கு இன்றுவரை நீங்கள் பதில் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம்வரிசை:
நான் ஆசிரியை அல்ல, ஒரு தாய். என் மகனுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன. வாசிப்பது அவனுக்குப் பெரும் போராட்டம். கதையைச் சொன்னால் ஒரு வரியும் மறவாமல் திருப்பிச் சொல்வான். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் ஏன் மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடமே ஓடினான் என்று அவன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அட்டையில் அவன் கடைசி. அவனைவிடச் சிறிய பிள்ளைகள் அதை அவனுக்கு விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். அவன் இப்போது ஞாயிறு காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருக்கிறான். பழையவகுப்பு அம்மாவிடம் நான் சண்டையிட வரவில்லை. கேள்வி கேட்டதற்கு நட்சத்திரம் உண்டா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழையவகுப்பு:
சகோதரி, உங்கள் மகனை என் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் அவனுக்கு வசனத்தைக் காதால் கேட்டுப் படிக்கச் செய்து, மற்றவர்களைப் போலவே நட்சத்திரம் கொடுத்திருப்பேன். விரல் நீட்டிய பிள்ளைகளை அன்றே கண்டித்திருப்பேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதை ஆசிரியர் பார்த்துக்கொண்டு இருந்தார் என்றால் அது ஆசிரியரின் பிழை. அட்டையின் பிழை அன்று. அட்டையைக் கழற்றிவிட்டால் ஏளனம் நின்றுவிடுமா? உடையைப் பார்த்துச் சிரிப்பார்கள், குரலைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிள்ளைகள் கூடுகிற இடத்தில் வரிசை தானாகவே உண்டாகும். அட்டையில் இருக்கும் வரிசையையாவது நான் கண்ணால் பார்த்துத் திருத்த முடியும்.

சிறுவர்பிரிவு:
வரிசை தானாக உண்டாகிறது என்பது உண்மையென்றால், அதை உடைப்பதற்கு நாம் வகுப்பை அமைக்க வேண்டும் அல்லவா? 1971இல் எலியட் அரான்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் ஒரு பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தால் மட்டுமே முழுப்பாடமும் கிடைக்கும்படி வகுப்பை அமைத்தார்கள். அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளையின் பேச்சையும் மற்றவர்கள் கேட்டே தீர வேண்டியதாயிற்று. நான் யோசேப்பின் கதையை அப்படிப் பிரித்தேன்: குழிக்குள் தள்ளப்பட்டது ஒரு பிள்ளைக்கு, அவன் அடிமையாக விற்கப்பட்ட போத்திபாரின் வீடு ஒரு பிள்ளைக்கு, சிறைச்சாலை ஒரு பிள்ளைக்கு, பஞ்சகாலம் ஒரு பிள்ளைக்கு. முந்திக்கொண்டு பதில் சொல்லும் பையனுக்குச் சிறைச்சாலை மட்டுமே தெரியும் என்பதால், மீதிக் கதையைக் கேட்பதற்கு அவன் வாயை மூடிக் காத்திருந்தான்.

பழையவகுப்பு:
நல்ல முறை. அதன் முடிவில் ஆளுக்கொரு நட்சத்திரம் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

எஸ்றாவின்மேடை:
அதையேதான் கேட்கிறேன்: ஒட்டாவிட்டால் என்ன குறைந்துவிடும்? திராட்சத்தோட்டத்தில் நாள் முழுவதும் உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணிநேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானைப் பற்றி இயேசு சொன்ன கதையை அட்டை தொங்கும் அறையில் எப்படிக் கற்பிப்பீர்கள்? பிள்ளைகள் உங்கள் வாயைக் கேட்பார்களா, சுவரைப் பார்ப்பார்களா?

பழையவகுப்பு:
கடந்த மாதம்தான் கற்பித்தேன். சுவரைக் காட்டியே கற்பித்தேன். நிறைய நட்சத்திரம் உள்ள பிள்ளையிடம், புதிதாக வந்தவனுக்கும் உனக்கும் தேவன் ஒரே அன்பைத்தான் கொடுக்கிறார், உனக்குக் கோபம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்று உண்மையைச் சொன்னாள். அதிலிருந்து அந்தப் பாடம் முழுவதும் விரிந்தது. அட்டை இல்லாத வகுப்பில் அந்தக் கோபம் வெளியே வந்திருக்காது. மனப்பாடத்தைப் பொறுத்தவரையும் ஒன்று சொல்கிறேன். படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து சொல்லிப் பார்ப்பவருக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். வாரந்தோறும் நான் வசனம் ஒப்பிக்கச் சொல்வதற்குப் பொருள் இருக்கிறது.

எஸ்றாவின்மேடை:
அந்த ஆய்வு ஒப்பிப்பதற்கு ஆதரவு. நட்சத்திரத்துக்கு ஆதரவு அன்று. ஒப்பிக்க வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? அந்தச் சிறுமிக்குக் கோபம் வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை அவளுக்குள் வளர்த்தது எது?

பழையவகுப்பு:
ஆதாமிடமிருந்து நாம் எல்லாரும் பெற்ற பாவ சுபாவம் வளர்த்தது. தம்பியின்மேல் எரிச்சல்கொண்டு அவனைக் கொன்ற காயீனுக்கு யாரும் நட்சத்திரம் ஒட்டவில்லை. உங்கள் வகுப்பை நானும் ஒருமுறை வந்து பார்த்தேன் என்பதை மறந்துவிட வேண்டாம். அட்டை இல்லை, ஒப்பிப்பதும் இல்லை; பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, இந்தக் கதை உனக்கு எப்படி இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலிசா தீர்க்கதரிசியைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட கதைக்கும் “எப்படி இருந்தது” என்றுதான் கேட்டீர்கள்.

எஸ்றாவின்மேடை:
கேட்டேன். பயமாக இருந்தது என்றார்கள். அந்தப் பயத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்களின் நடுவில் உட்கார்ந்திருந்த இயேசு அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களிடம் வினாவினார் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளைக்கு வினாவ இடம் கொடுப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

மணியோசை:
அரைமணி நேரம் பேசினீர்கள், ஆராதனைக்குப் பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள், அதையும் எழுதுங்கள்.

இரண்டாம்வரிசை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கேள்வி கேட்டதற்கு நட்சத்திரம் உண்டா?

பழையவகுப்பு:
உண்டு சகோதரி, இனி என் அட்டையில் அதற்கும் ஒரு வரிசை வரும். இதற்காக எவரும் நான் இறங்கிவந்துவிட்டதாக எழுத வேண்டாம். வரிசை கூடுகிறது, அட்டை அப்படியே இருக்கிறது. எஸ்றாவின்மேடை, “சின்னப் பரிசேயர்கள்” என்ற சொற்களை உங்கள் பதிவிலிருந்து எப்போது நீக்கப்போகிறீர்கள்?

எஸ்றாவின்மேடை:
நீக்கமாட்டேன். கேள்விக்கும் நட்சத்திரம் என்றால், நாளை நட்சத்திரத்துக்காகவே கேள்வி கேட்கும் பிள்ளைகள் வருவார்கள். அதற்கும் அந்த வாக்கியம் தேவைப்படும்.

பழையவகுப்பு:
அப்படியானால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை உங்களிடமே அனுப்புகிறேன்.