பொட்டாசியம் குளோரைடு போட்டால் மட்டும் ஃப்ளூரின் சர்ஃபக்டன்ட் கரைசலில் வெள்ளைப் படிகம், ஏன்?

கேள்வி:
வணக்கம். உப்பு சேர்த்தால் சோடியம் பெர்ஃப்ளூரோஆக்டனோயேட் என்ற ஃப்ளூரின் சர்ஃபக்டன்ட்டின் (சோப்பு போலப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) சி.எம்.சி. (மைசெல் என்னும் மூலக்கூறுத் திரள்கள் உருவாகத் தொடங்கும் செறிவு) எப்படி இறங்குகிறது என்று பார்க்கிறேன். கரைசல் 40 மில்லிமோலார், அறை 20 டிகிரி செல்சியஸ். 0.1 மோலார் சோடியம் குளோரைடு போட்டால் தெளிவாக இருக்கிறது. அதே அளவு பொட்டாசியம் குளோரைடு போட்ட குடுவையில் மறுநாள் காலையில் அடியில் வெள்ளையாக மின்னும் படிகம், பரப்பு இழுவிசை அளவும் நிலையாக நிற்பதில்லை. இரண்டுமே ஒற்றை மின்சுமை அயனிதானே? டோடெசில் சல்பேட் என்ற ஃப்ளூரின் இல்லாத சர்ஃபக்டன்டையும் கலந்து பார்க்க நினைத்திருந்தேன், அதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

பதில் 1:
இது கிராஃப்ட் வெப்பநிலைச் சிக்கல். சோடியம் உப்புக்கு அது சுமார் 8 டிகிரி, பொட்டாசியம் உப்புக்கோ 25 டிகிரிக்குச் சற்று மேல். அதற்குக் கீழே மைசெல் உருவாகும் அளவுக்குச் சரக்கு கரையவே கரையாது, மிச்சம் படிகமாகிவிடும். பொட்டாசியம் குளோரைடு போடும்போது நீங்கள் எதிரயனியையே (சர்ஃபக்டன்ட்டின் எதிர்மின்சுமையை ஈடுசெய்யும் நேர் அயனியை) மாற்றிவிடுகிறீர்கள், போதாததற்குக் கூடுதல் பொட்டாசியம் கரைதிறனை இன்னும் குறைக்கிறது. குடுவையை 35, 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கரைந்து, ஆறியதும் திரும்பவும் படிந்தால் காரணம் இதுதான். சூட்டிலும் கரையாவிட்டால் கால்சியம் போன்ற இரட்டைச் சுமை அயனி எங்கிருந்தோ கலந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று, பஃபர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) பொட்டாசியம் பாஸ்பேட்டா? பி.எச். மின்வாயை நேராகக் குடுவைக்குள் விட்டீர்களா? அதற்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், தனியாக எடுத்த மாதிரியில் அளப்பதே நல்லது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. டோடெசில் சல்பேட் பற்றி நான் சொல்கிறேன். அதுவும் பொட்டாசியத்தோடு வெள்ளையாக வீழ்படியும், அதனால் சோடியம் உப்போடு மட்டும் கலக்கவும். தனியாக அதன் சி.எம்.சி. சுமார் 8 மில்லிமோலார், உங்களுடையது சுமார் 30. கலவை நல்லியல்பாக நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டால் வரும் மதிப்பைவிட அளந்த மதிப்பு மேலே நிற்கும், ஏனென்றால் ஃப்ளூரோகார்பன் வாலும் (நீரை விலக்கும் சங்கிலி) ஹைட்ரோகார்பன் வாலும் ஒன்றோடொன்று சேர விரும்புவதில்லை, இரண்டின் தலையும் (நீரை நாடும் முனை) எதிர்மின்சுமை என்பதால் ஈர்ப்பும் இல்லை. சில கலவைகளில் ஃப்ளூரின் மிகுந்ததும் குறைந்ததுமாக இரு வகை மைசெல்கள் உருவாகும், அதைக் கருவிப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்! நேர்மின்சுமை சர்ஃபக்டன்ட் சேர்த்தால் கதை தலைகீழ்: தலைகளின் ஈர்ப்பு வாலின் விலக்கத்தை மீறிவிடும், சி.எம்.சி. வெகுவாக விழும், சம அளவு நெருங்கும்போது பெரும்பாலும் வீழ்படிவே வந்துவிடும். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் (வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு) பக்கம் போனால் அது வாலையே உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சி.எம்.சி. கூடியது போலத் தெரியும்.

கேட்டவர்:
சூடாக்கியதும் முழுக்கக் கரைந்தது, ஆறவிட்டதும் மறுபடி படிந்தது. பி.எச். சரிசெய்யப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் வைத்திருந்தேன், இனி சோடியம் ஹைட்ராக்சைடு. பொட்டாசியம் வரிசையை 35 டிகிரியில் வைத்து அளக்கிறேன். மீந்த கரைசலை என்ன செய்வது?

பதில் 1:
ஒப்பிட வேண்டுமென்றால் சோடியம் வரிசையையும் அதே 35 டிகிரியில் அளந்துவிடுங்கள். மீந்ததைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பெர்ஃப்ளூரோஆக்டனோயிக் அமிலமும் அதன் உப்புகளும் 2019 முதல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் (சிதையாத கரிம மாசுகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை, இயற்கையில் சிதைவதில்லை. முதல் முறை அலசிய நீரையும் சேர்த்துப் பிளாஸ்டிக் கேனில் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.